தடைதாண்டும் வகுப்பில் வரிசைதான் பெரிய ஆபத்து

கேள்வி இது: "6 முதல் 11 வயது வரையுள்ள 16 பிள்ளைகளுக்கு ஒரு கூடத்தில் வாரம் இரண்டு நாள், 45 நிமிடம் தடைதாண்டும் உடற்பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறேன். உதவிக்கு இன்னொருவர் இருக்கிறார். யாருக்கும் அடிபடக் கூடாது, பிள்ளைகளுக்குச் சலிப்பும் தட்டக் கூடாது. எங்கே தொடங்குவது?"

அடிபடாமல் பார்ப்பதையும் சலிக்காமல் பார்ப்பதையும் இரண்டு வேலையாகக் கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இந்த வகுப்புகளை நடத்திவரும் எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விபத்து.

தொடங்கிய வருடம் அது. ஆறு தடைகளை ஒன்றன் பின் ஒன்றாக நீளமாக அடுக்கி, ஒரு முனையில் 14 பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். அப்படித்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஒரு பிள்ளை முழுப் பாதையையும் கடக்க ஒன்றரை நிமிடம் ஆனது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றரை நிமிடம் ஓடிவிட்டு இருபது நிமிடம் நின்றிருக்கிறது. நிற்கிற பிள்ளை சும்மா நிற்குமா? முன்னால் இருப்பவனைத் தள்ளும், சுவரில் ஏறும். ஒரு பையன் பின்னால் அடுக்கி வைத்திருந்த மேட்களின் (தரையில் விரிக்கும் மெல்லிய மெத்தைகளின்) மேல் ஏறினான். அடுக்கு சரிந்தது, தாடை தரையில் இடித்துப் பிளந்தது. தடைப்பாதையில் அன்றைக்கு ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அடிபட்டது வரிசையில் நின்றவனுக்குத்தான். அன்றிலிருந்து வகுப்பைத் திட்டமிடும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, எந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் சும்மா நிற்கும் என்பதைத்தான்.

உங்கள் 16 பேரை நான்கு நான்காகப் பிரியுங்கள். கூடத்தின் நான்கு மூலைகளில் நான்கு நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே மாதிரி இரண்டு தடம் பக்கத்தில் பக்கத்தில். அப்போது இருவர் செய்துகொண்டிருப்பார்கள், இருவர் தயாராவார்கள். காத்திருப்பது பத்து, பதினைந்து நொடிதான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை விசில், எல்லோரும் ஒரே திசையில் அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவது முக்கியம். ஓடிவருகிற இரண்டு பிள்ளைகள் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது, உயரத்திலிருந்து விழுவதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

இந்தப் பதிலில் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பெரியவர் பக்கத்திலேயே நிற்க வேண்டிய தடைகளின் எண்ணிக்கை, கூடத்தில் இருக்கும் பெரியவர்களின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. நீங்கள் இரண்டு பேர். அப்படியானால் உயரம், தொங்குதல் இரண்டும் சேர்த்து அதிகபட்சம் இரண்டு நிலையங்கள். மற்ற இரண்டும் தரையோடு தரையாக, யாரும் பார்க்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாத மாதிரி இருக்க வேண்டும்: கோன்களுக்கு இடையே வளைந்து ஓடுவது, தரையில் பரப்பிய வளையங்களில் தாவுவது, தாழ்வாகக் கட்டிய கயிற்றுக்கு அடியில் தவழ்வது, மணல் மூட்டையைத் தூக்கி நடப்பது. உதவியாளர் ஒருநாள் வரவில்லையா? உயரத் தடைகளில் ஒன்றை அன்றைக்கு எடுத்துவிடுங்கள். 'இன்றைக்கு ஒருநாள் சமாளித்துவிடலாம்' என்று தோன்றும். தோன்றினாலும் எடுத்துவிடுங்கள். நிற்கும்போது முதுகு சுவர்ப்பக்கம் இருக்கட்டும். கூடத்தின் நடுவில் நின்றால் பாதிப் பிள்ளைகள் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான்.

சரி, தடைகளுக்கு வருவோம். மெல்லிய மேட் வேறு, விழுந்தால் தாங்கும் தடித்த மெத்தை வேறு. உருள்வதற்கும் தவழ்வதற்கும் போடும் இரண்டு விரல் தடிமன் மேட், உயரத்திலிருந்து விழும் பிள்ளைக்குத் தரை மாதிரிதான். குதிக்கும் இடத்திலும் தொங்கும் இடத்திலும் தடித்த மெத்தைதான் வேண்டும். இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் இடைவெளி விடவே கூடாது. கணுக்கால் போய் மாட்டுவது அங்கேதான். மெத்தைகளை ஒன்றோடொன்று பட்டையால் இணையுங்கள், அடியில் வழுக்காத விரிப்புப் போடுங்கள். வகுப்பு நடுவிலும் கண் வைத்திருங்கள், ஏனென்றால் இருபது பேர் குதித்ததும் மெத்தை மெல்ல நகர்ந்திருக்கும். விளையாட்டுத் திடல்களுக்கு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு ஒன்று உண்டு: ஏறும் சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி வெற்றிடம். கூடத்துக்குள்ளும் அதையே வைத்துக்கொள்ளலாம். அந்த 6 அடிக்குள் தூண், நாற்காலி, பை, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒரு அளவும் உண்டு. ஏணிப் படிகளுக்கு இடையிலோ, வலைச் சதுரத்திலோ, பலகைகளுக்கு நடுவிலோ 9 முதல் 23 சென்டிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் அது ஆபத்தான அளவு. அதில் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். கால் முதலில் போகிற பிள்ளை கழுத்தில் தொங்கும். அதைவிடச் சிறியதாகவோ பெரியதாகவோ இருந்தால் பிரச்சினை இல்லை. கயிறுகளும் அப்படித்தான். தொங்கவிட்ட கயிற்றின் நுனியில் வளையம் இருக்கக் கூடாது. குறுக்கே கட்டும் கயிற்றின் இரு முனையும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தளர்ந்து தொங்கினால் கழுத்தைச் சுற்ற அது போதும். இதே காரணத்துக்காகத்தான் தொப்பிச் சட்டைக் கயிறு, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டை நாடா எல்லாம் வாசலிலேயே கழற்ற வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் போட்டு ஏறவிடலாமா என்று சில பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம். குறுகிய இடைவெளியில் ஹெல்மெட் மாட்டினால் அதன் பட்டையே கழுத்தை இறுக்கும். மோதிரம், வாயில் மிட்டாய், வழவழப்பான தரையில் வெறும் காலுறை, இவையும் வாசலோடு சரி.

தொலைக்காட்சியில் வரும் நிஞ்ஜா போட்டிகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே பல தடைகளில் விழுபவர் தண்ணீரில் விழுகிறார், ஓடுபவர் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த பெரியவர். பெயரை வேண்டுமானால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், உயரத்தை எடுக்காதீர்கள். குதிக்கும் உயரத்துக்கு என் கணக்கு அந்தப் பிள்ளையின் இடுப்பு. அதற்கு மேல் வேண்டாம். மங்கி பார் (கையால் தொங்கியபடியே ஒவ்வொரு கம்பியாக மாறிப் போகும் தடை) என்றால், கம்பியைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும், அதற்கு 2.5 முதல் 4 சென்டிமீட்டருக்குள் தடிமன் இருந்தால் நல்லது. நான்கு வயதுக்குக் கீழே மங்கி பார் வேண்டவே வேண்டாம். குட்டி டிராம்போலின் வைத்தால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது ஏற்படுபவை. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் அங்கே இருப்பவர்களில் ஆகச் சிறிய பிள்ளைக்குத்தான்.

பிள்ளையால் தானாக ஏற முடியாத எதிலும் தூக்கி ஏற்றிவிடாதீர்கள். ஏறத் தெரிந்த பிள்ளைக்கு இறங்கும் வழியும் கொஞ்சம் தெரிந்திருக்கும். தூக்கி வைக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த இடத்தோடு எந்தப் பழக்கமும் இல்லை, பயந்ததும் உறைந்துவிடும். கையைப் பிடித்து மேலே இழுப்பது இன்னும் மோசம். சிறு பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஐந்து வயதுக்குக் கீழே, மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முழங்கையில் ஆரை எலும்பின் தலை அதைச் சுற்றியுள்ள தசைநார் வளையத்திலிருந்து நழுவிவிடும். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழும், தொடவிடாது. உங்கள் வகுப்பில் ஆறு வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், கூடவே தம்பி தங்கைகளும் வந்து நிற்பார்கள். அதனால் உதவியாளருக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்: தாங்குவதென்றால் இடுப்பில் அல்லது முதுகின் மேல்பகுதியில், அதுவும் "பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு. கையைப் பிடித்து இழுப்பது கிடையாது.

இனி, நான் மிகவும் அக்கறையோடு சொல்லிக்கொடுப்பது தரையிறங்குவது. புதிய குழுவின் முதல் வகுப்பில் பத்து நிமிடம் இது மட்டும்தான். ஒரு சாண் உயரப் பெட்டி, அதற்கு முன்னால் மெத்தை. "பூனை குதித்தால் சத்தம் கேட்குமா?" என்று கேட்பேன். கேட்காது என்பார்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒருவரை மட்டும் குதிக்கச் சொல்வேன். மற்றவர்கள் காதால் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தொம் என்று சத்தம் வந்தால் 'யானை' என்று கத்துவார்கள். குதித்தவன் சிரித்துக்கொண்டே திரும்ப ஏறுவான். இரண்டாவது, மூன்றாவது முறை முழங்கால் தானாக மடிகிறது, பாதத்தின் முன்பகுதி முதலில் படுகிறது, இரண்டு காலும் ஒன்றாக இறங்குகின்றன. 'முழங்காலை மடக்கு, பாதத்தைச் சரியாக வை' என்று நான் பத்து முறை கத்தினாலும் வராதது, சத்தத்தைக் குறை என்றதும் வந்துவிடுகிறது. முழங்கால் மட்டும் உள்பக்கமாகச் சாயாமல் கால்விரல் நோக்கிய திசையில் மடிகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது விழுவது. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது எல்லோருக்கும் இயல்பு. பிள்ளைகளுக்கு மணிக்கட்டு எலும்பும், முழங்கைக்குச் சற்று மேலே உள்ள எலும்பும் முறிவது பெரும்பாலும் அப்படித்தான். முழங்கைக்கு மேலான அந்த முறிவு 5 முதல் 7 வயதில் அதிகம், தொங்கும் கம்பிகளிலிருந்து விழுவது அதற்குத் தெரிந்த காரணம். அதனால் மெத்தையில் உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கி, கையை மார்போடு அணைத்துக்கொண்டு, தாடையை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் உருளப் பழக்குங்கள். பிறகு முட்டி போட்டு, பிறகு குந்தி. இதை வார்ம்-அப்போடு சேர்த்து ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு நிமிடம் செய்தால் சில வாரத்தில் உடம்புக்குப் பழகிவிடும்.

எலும்பு பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. மூட்டு எலும்புகளைப் பிணைத்திருக்கும் தசைநாரைவிட அது பெரும்பாலும் பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற திருகல், பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாக இருக்கலாம். ஆகவே வீங்கினாலோ, எலும்பின் மேல் தொட்டால் வலித்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ 'சுளுக்குதான், தேய்த்தால் போய்விடும்' என்று அனுப்பாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தலையில் அடி என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே, பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், அன்றைக்கு அதற்கு விளையாட்டு இல்லை. பெற்றோரிடம் நடந்ததை எழுதியே கொடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர், பூட்டிய அறையில் பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். அது கூடத்திலேயே, கைக்கெட்டும் இடத்தில், பெயர் எழுதி இருக்கட்டும். ஒவ்வாமை, வலிப்பு, சமீபத்தில் ஆறிய முறிவு எல்லாவற்றையும் சேர்க்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது சலிப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உயரம் வைத்தால் பாதிப் பேருக்குப் பயம், பாதிப் பேருக்குப் போர். ஆறு வயதும் பதினொரு வயதும் ஒரே வகுப்பில் என்றால் சொல்லவே வேண்டாம். நான் ஒவ்வொரு தடைக்கும் மூன்று வழி வைப்பேன். பேலன்ஸ் பலகை என்றால் தரையில் ஒட்டிய டேப் கோடு, தாழ்ந்த பலகை, அதே பலகையில் மணல் மூட்டையைத் தலையில் வைத்து நடப்பது. எதைச் செய்வது என்று பிள்ளை முடிவுசெய்யும். நிறம் மட்டும் ஒட்டுங்கள், 'சுலபம், கஷ்டம்' என்று பெயர் வைக்காதீர்கள். வைத்தால் ஒருவரும் சுலபத்தின் பக்கம் போக மாட்டார்கள், போக வேண்டியவர்கள்தான் முதலில் போக மாட்டார்கள்.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஐந்து வகுப்பு டேப் கோட்டிலேயே நடந்தாள். பலகைப் பக்கம் வரவே இல்லை. அவளுடைய அம்மா, "கொஞ்சம் தள்ளிவிடுங்க, போயிடுவா" என்றார். நான் தள்ளவில்லை. ஆறாவது வகுப்பில் அவள் பலகையில் ஒரு காலை வைத்தாள், மற்ற கால் தரையில். அப்படியே முனைவரை நொண்டி நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன், எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது இரண்டு காலும் பலகையில் இருந்தன, என் தோளை ஒரு விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அந்த விரலும் போய்விட்டது. அவள் அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. இறங்கியதும் மறுபடி வரிசைக்கு ஓடினாள். தள்ளிவிட்டிருந்தால் அன்றைக்கே நடந்திருக்கலாம், ஆனால் அடுத்த வகுப்புக்கு வந்திருப்பாளா என்பது சந்தேகம்.

போட்டி வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். வேகப் போட்டி தரையில் மட்டும், உயரத்தில் கிடையாது. உயரத்தில் அவசரப்படும் பிள்ளை ஒரு கையால் உறுதியாகப் பிடிக்கும் முன்பே மற்ற கையை விடும். அதோடு, ஒருவரோடு ஒருவர் என்பதைவிட, போன வாரத்து எண்ணிக்கையோடு இந்த வாரம் என்று வையுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை, அதில் 'எத்தனை நொடி தொங்கினேன்' என்று அவரவரே எழுதட்டும். தோற்றவர் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களை முழுக்க விட்டுவிடுங்கள். முதலில் வெளியேறுவது, அசைவு அதிகம் தேவைப்படுகிற பிள்ளையாகத்தான் இருக்கும். குறும்பு செய்தால் இருபது தோப்புக்கரணம் என்று தண்டனையும் வேண்டாம். உடற்பயிற்சியையே தண்டனையாகக் கொடுத்துவிட்டு, அதை விரும்பு என்று எப்படிக் கேட்பது?

விளக்கம் சொல்வதைச் சுருக்குங்கள். ஒரு தடைக்கு ஒருமுறை செய்து காட்டி, ஒரே ஒரு சொல்: 'கட்டைவிரல்!', 'பூனை!', 'கண் முன்னால்!' அவ்வளவு போதும். நிறுத்தும் அடையாளத்தை மட்டும் விளையாட்டாகவே நன்றாகப் பழக்குங்கள். விசில் கேட்டால் சிலையாக வேண்டும், மேலே இருப்பவர் பிடித்தபடி இருக்க வேண்டும். முதல் வகுப்பில் ஐந்தாறு முறை காரணமில்லாமலே ஊதிப் பாருங்கள். உண்மையில் தேவைப்படும் நாளில் அது கைகொடுக்கும்.

45 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: கரடி நடை, நண்டு நடை, தவளைத் தாவல் என்று எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்குவது. ஐந்து நிமிடம் தரையிறங்கலும் உருளலும். நிலையங்களில் இரண்டு சுற்று, இடம் மாறுவதும் தண்ணீர் குடிப்பதும் சேர்த்து 28 நிமிடம். மீதி மூச்சு வாங்கி அமர. இரண்டாம் சுற்றில் கை சோர்ந்திருக்கும், பிடி நழுவும். அதனால் அந்தச் சுற்றில் மங்கி பாரில் முழுதாகத் தொங்க விடுவதில்லை. கம்பிக்கு அடியில் அகலமான, ஆடாத பெட்டிகளை வரிசையாக வைத்து, காலை ஊன்றிக்கொண்டே கை மாற்றிப் போகச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அது புதுத் தடை, உங்களுக்கு நிம்மதி.

வாராவாரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. நான்கில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன வைப்பது என்று தடுமாறினால், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த இயற்கைப் பயிற்சி முறையின் பட்டியல் இன்றும் கைகொடுக்கும்: நடை, ஓட்டம், தாவல், நான்கு கால் நடை, ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல். கடைசி இரண்டை விட்டாலும் எட்டு இருக்கிறது. வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் உடம்பின் எந்தப் பகுதியும் விடுபடாது. மாதத்தில் ஒருநாள் தரைத்தடை நிலையம் ஒன்றைப் பிள்ளைகளையே அமைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வைத்ததை நீங்கள் முதலில் உங்கள் முழு எடையோடு மிதித்துப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். இந்தச் சோதனையை உங்கள் சொந்த அமைப்புக்கும் ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் செய்யுங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்லுங்கள். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும் அசைவும், வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுச்சேர்க்கும் அசைவும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஏறுவதும் தொங்குவதும் குதிப்பதும் அந்த இரண்டாவது வகைதான். உங்கள் வகுப்பு இரண்டு நாளைக் கவனித்துக்கொள்ளும். மூன்றாவது நாளுக்கு வீட்டில் தரையிலேயே செய்யக்கூடிய ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள், கரடி நடையே போதும்.

அப்புறம், முதல் இரண்டு வாரம் மங்கி பாரைக் கூடத்துக்குள் கொண்டுவராதீர்கள். மெத்தை, தாழ்ந்த பெட்டி, கோன், கயிறு, இவ்வளவுதான். பிள்ளைகளின் பெயர், யார் எதைக் கண்டு தயங்குகிறார்கள், யார் முன்பின் பார்க்காமல் பாய்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியவர இரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரம் கம்பியை மாட்டுங்கள். அதற்குள் பதினாறு பேருக்கும் பூனை மாதிரி இறங்கத் தெரிந்திருக்கும்.